எல்.ஏ.எக்ஸ். விமான நிலையத்துக்கு நேர் மேலே சின்ன விமானத்தில் பறக்கலாமா?

உரிமம் வாங்கி மூன்று மாதம் ஆகிறது என்கிறீர்கள். லாஸ் ஏஞ்சலஸின் வடக்கே வான் நைஸில் ஒரு செஸ்னா 172, ஒற்றை இன்ஜின் விமானம், வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறீர்கள். தெற்கே டாரன்ஸ் போக வேண்டுமென்றால் நடுவில் லாஸ் ஏஞ்சலஸ் பன்னாட்டு விமான நிலையம், அதாவது எல்.ஏ.எக்ஸ்., நிற்கிறது. இதுவரை கிழக்கே சுற்றித்தான் போயிருக்கிறீர்கள். "அதன் தலைக்கு மேலேயே போகலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை" என்று பறக்கும் கிளப்பில் ஒருவர் சொல்லியிருக்கிறார். அது உண்மையா, உண்மையென்றால் அது ஆபத்தில்லையா? இதுதானே கேள்வி.

உண்மைதான். ஆபத்து பற்றிச் சொல்வதென்றால், நீங்கள் இப்போது சுற்றிப் போகிறீர்களே, அந்த வழியைவிட இது பாதுகாப்பானது. முதலில் கேட்கும்போது நம்பக் கடினமாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதனால் விதிகளுக்குப் போகும் முன் இதை விளக்கிவிடுகிறேன். காரணம் புரிந்துவிட்டால் விதிகள் தாமாக நினைவில் நிற்கும்.

எல்.ஏ.எக்ஸ்.-இல் நான்கு ஓடுபாதைகள். வடக்கே இரண்டு, தெற்கே இரண்டு, நான்கும் கிழக்கு மேற்காக ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. காற்று பெரும்பாலும் கடலிலிருந்து வருவதால் ஜெட்டுகள் கிழக்கே ஊருக்கு மேலிருந்து இறங்கி வருகின்றன, மேற்கே கடலை நோக்கி ஏறிப் போகின்றன. இறங்கும் விமானம் மூன்று பாகைச் சரிவில் வரும். அதாவது ஒரு கடல் மைலுக்கு ஏறத்தாழ 300 அடி இறங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஓடுபாதைக்குக் கிழக்கே பத்து மைலில் அது தரையிலிருந்து சுமார் 3,000 அடியில் இருக்கும். ஐந்து மைலில் 1,500 அடி. ஓடுபாதை முனையைத் தாண்டும்போது ஐம்பது அடி. அப்புறம் சக்கரம் தரையில். மேற்கே போகும் விமானமும் அப்படியே. ஓடுபாதையின் நடுவைத் தாண்டும் வரை அது தரையிலேயே ஓடிக்கொண்டிருக்கும், மேலே ஏறத் தொடங்குவது அதற்குப் பிறகுதான்.

அப்படியானால் அந்த நிலையத்தைச் சுற்றியுள்ள வானத்தில் எந்த இடத்தில் 3,500 அடியில் ஒரு ஜெட்டும் இருக்க வாய்ப்பில்லை? நிலையத்தின் நட்டநடுவுக்கு நேர் மேலே. அங்கே எல்லா ஜெட்டும் தரையிலோ தரையை ஒட்டியோ இருக்கின்றன. கிழக்கே பத்து மைல் தள்ளிப் போய், பாதுகாப்பாகச் சுற்றுகிறோம் என்று 3,000 அடியில் வடக்கு தெற்காக வெட்டிப் போனால், ஜெட்டுகள் வரிசையாக இறங்கும் உயரத்திலேயே நாமும் இருக்கிறோம். அதனால்தான் அங்கே கட்டுப்பாட்டு வான்வெளியின் அடித்தளம் தாழ்ந்து வந்து நம்மைக் கீழே அமுக்குகிறது. அடுக்குகளுக்கு அடியில் குனிந்து போக வேண்டியிருக்கிறது. எல்லாச் சின்ன விமானங்களும் அதே இடுக்கில்தான் குனிகின்றன. கடல் பக்கம் சுற்றினால் ஏறிவரும் ஜெட்டுகளுக்கு அடியில், ஒற்றை இன்ஜினோடு, கரையிலிருந்து விலகித் தண்ணீருக்கு மேல் போக வேண்டும்.

அந்த நடு வானத்தில் செதுக்கிய பாதைக்குப் பெயர் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பெஷல் ஃப்ளைட் ரூல்ஸ் ஏரியா. விமானிகள் 'ஸ்பெஷல் ஃப்ளைட் ரூல்ஸ்' என்றே சொல்கிறார்கள், பழைய ஆட்கள் இன்னும் 'காரிடார்' என்பார்கள். பெரிய நிலையங்களைச் சுற்றி, கன்ட்ரோலர் அனுமதியின்றி நுழையக் கூடாத வானம்தான் பி வகுப்பு வான்வெளி, அதாவது நாம் பிராவோ என்று சொல்வது. அதன் குறுக்கே குடைந்த ஒரு சுரங்கம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சுரங்கத்துக்குள் இருக்கும் வரை பிராவோவின் வழக்கமான நுழைவு விதி உங்களுக்கு இல்லை, இதற்கென்று தனி விதிகள். அதனால்தான் க்ளியரன்ஸ் என்ற அந்த அனுமதி தேவையில்லை, கன்ட்ரோலரோடு பேச வேண்டியதுமில்லை. ஆனால் சுரங்கத்தின் சுவரைத் தொட்டால் அந்த நொடியே அனுமதியில்லாமல் பிராவோவுக்குள் நுழைந்தவர் ஆகிவிடுவீர்கள்.

விதிகள் கொஞ்சம்தான். வி.ஓ.ஆர். என்பது தரையிலிருந்து திசை காட்டும் ரேடியோ நிலையம், அதிலிருந்து ஒரு திசையில் விரியும் கோடு ரேடியல். சான்டா மோனிகா வி.ஓ.ஆர்.-இன் 132 பாகை ரேடியலின் மேல் பறக்க வேண்டும். தென்கிழக்கே போனால் 3,500 அடி, வடமேற்கே வந்தால் 4,500 அடி, இரண்டும் கடல் மட்டத்திலிருந்து. உள்ளே ஏறவோ இறங்கவோ கூடாது, மட்டமாகப் பறக்க வேண்டும். வேகம் 140 நாட், அதாவது மணிக்கு 140 கடல் மைல், தாண்டக் கூடாது. ரேடாருக்கு நம்மை அடையாளம் காட்டும் கருவியான டிரான்ஸ்பாண்டரில் 1201 போட வேண்டும், நுழைவதற்கு முன்பே. நிலை விளக்குகளும் மோதல் தடுப்பு விளக்கும் எரிய வேண்டும், இறங்கு விளக்கையும் போடச் சொல்லிப் பரிந்துரை இருக்கிறது. காலாவதியாகாத லாஸ் ஏஞ்சலஸ் டெர்மினல் ஏரியா வரைபடம் விமானத்தில் இருக்க வேண்டும். டர்போஜெட்டுகளுக்கு இடமில்லை. வி.எஃப்.ஆர்., அதாவது கண்ணால் பார்த்தே பறக்கும் பார்வைவிதிப் பறத்தலுக்கான வானிலை இருக்க வேண்டும்.

இதில் உயரம் எவ்வளவு இயல்பாக அமைந்திருக்கிறது பாருங்கள். பயிற்சியில் படித்திருப்பீர்கள்: கிழக்குப் பக்கமாகப் போகும் வி.எஃப்.ஆர். விமானம் ஒற்றைப்படை ஆயிரத்தோடு 500, மேற்குப் பக்கமாகப் போவது இரட்டைப்படை ஆயிரத்தோடு 500. 3,500-உம் 4,500-உம் அந்தக் கணக்கில் தானாக விழுகின்றன. எதிரெதிரே வருபவர்களுக்கு நடுவே 1,000 அடி இருக்கிறது. ஆனால் அந்த 1,000 அடி உங்கள் ஆல்டிமீட்டரை, அதாவது உயரமானியை, நம்பித்தான் நிற்கிறது. அதில் போடும் காற்றழுத்த எண்ணில் ஒரு அங்குலத்தின் பத்தில் ஒரு பங்கு தவறினால் 100 அடி தவறும். காலையில் போட்ட எண்ணை மாலையில் அப்படியே விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள். நுழையும் முன் புதிய எண்ணைக் கேட்டுப் போடுங்கள்.

1201 எதற்கு? சாதாரண வி.எஃப்.ஆர். விமானம் எல்லாம் 1200 போடுகிறது. கன்ட்ரோலரின் திரையில் எல்.ஏ.எக்ஸ். தலைக்கு மேல் ஒரு 1200 தெரிந்தால், வழி தவறி வந்தவர் யாரோ என்று அவர் பதற வேண்டியிருக்கும். 1201 என்று பார்த்தால், இவர் தெரிந்துதான் வருகிறார், பாதையிலேயே இருப்பார் என்று அவர் தன் வேலையைப் பார்க்கலாம். நீங்கள் அவரோடு பேசாமல் சொல்லும் ஒரே செய்தி அந்த நான்கு இலக்கம். வெளியே வந்ததும் 1200-க்குத் திருப்பிவிடுங்கள், பலர் மறக்கிறார்கள்.

பேச வேண்டியது மற்ற விமானிகளோடு. அதற்கு 128.55 என்ற அலைவரிசை இருக்கிறது. நான் மேலே சொன்ன விதிப் பட்டியலில் இது வராவிட்டாலும், கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பெஷல் ஃப்ளைட் ரூல்ஸ் டிராஃபிக், செஸ்னா இன்னது, சான்டா மோனிகா வி.ஓ.ஆர்., சவுத் ஈஸ்ட் பவுண்ட், மூவாயிரத்து ஐந்நூறு." நுழையும்போது ஒருமுறை, ஓடுபாதைகளுக்கு மேல் ஒருமுறை, வெளியேறும்போது ஒருமுறை. இது போதும். நீளமாகப் பேசினால் எதிரே வருபவர் சொல்வது உங்களுக்குக் கேட்காது.

சரி, வான் நைஸிலிருந்து கிளம்பிப் பார்ப்போம். செபுல்வேடா கணவாய் வழியாக, 405 நெடுஞ்சாலையை ஒட்டித் தெற்கே வாருங்கள். சான்டா மோனிகா நிலையத்தை அடையும் முன்பே 3,500 அடிக்கு வந்து, விமானத்தை மட்டமாக்கி, டிரிம் போட்டு, வேகம் நிலைத்து நிற்கட்டும். இந்த ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்: உயரத்துக்கு வராமல் நுழைவதில்லை. ஏறிக்கொண்டே நுழைந்து, உள்ளே போய்ச் சமன் செய்துகொள்ளலாம் என்று நினைத்தால், மூக்கு மேலே தூக்கியிருப்பதால் எதிரில் ஒன்றும் தெரியாது, ரேடியலைக் காட்டும் கருவியின் ஊசியும் விலகியிருக்கும். உயரம் போதவில்லையா, வெளியே ஒரு வட்டம் அடியுங்கள். யாரும் துரத்தவில்லை.

வி.ஓ.ஆர். சான்டா மோனிகா நிலையத்திலேயே இருக்கிறது. அதற்கு மேல் வந்ததும் கருவியின் கொடி, அதை விட்டு விலகுகிறீர்கள் என்று காட்ட, 'ஃப்ரம்' என்று புரளும். திசை எண்ணைப் போடும் குமிழான ஓ.பி.எஸ். 132-இல் நிற்கிறது, ஊசி நடுவில் வரும்வரை விமானத்தை மெல்லத் திருப்புங்கள். வலது இறக்கைக்குக் கீழே மரீனா டெல் ரேயின் படகுத்துறை, விரல் விரலாகப் பிரிந்த தண்ணீர். இடது பக்கம் 405. கடற்காற்று வலது பக்கத்திலிருந்து தள்ளும், அதனால் மூக்கைக் கொஞ்சம் வலப்புறம் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். இரண்டரை நிமிடத்தில் முதல் இரண்டு ஓடுபாதைகள் மூக்குக்கு அடியில் நழுவும். அடுத்து, குதிரை லாட வடிவில் டெர்மினல்கள். அந்த லாடத்தின் நடுவில் வெள்ளை வளைவுகள் நான்கு காலூன்றி நிற்கிற தீம் கட்டடம், மேலிருந்து ஒரு சிலந்தி மாதிரி இருக்கும். அப்புறம் தெற்கு ஓடுபாதைகள் இரண்டு.

நான் முதல்முறை போனபோது ஒரு பெரிய ஜெட் எனக்கு நேர் கீழே இறங்கியது. அதன் முதுகைப் பார்த்தேன். பொதுவாக நாம் ஜெட்டை அடிவயிற்றுப் பக்கமிருந்துதான் பார்க்கிறோம். மேலிருந்து பார்க்கும்போது அதன் நிழல் பக்கவாட்டில் ஓடி வந்து, ஓடுபாதையில் அதோடு ஒட்டிக்கொண்டது. ஒட்டிய இடத்தில் சக்கரத்திலிருந்து இரண்டு சின்னப் புகைக் கொத்து. காதில் 128.55 அமைதியாக இருந்தது. இரண்டாவது ரேடியோவில் டவர் அலைவரிசையை மெதுவாக வைத்திருந்தேன். அங்கே ஒரு குரல் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தது. கீழே அத்தனை அவசரம், மேலே எங்கள் சின்ன அறையில் இன்ஜின் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. இந்த வழியை நான் ஏன் இவ்வளவு நேசிக்கிறேன் என்று கேட்டால் அந்த நிமிடத்தைத்தான் சொல்வேன்.

மொத்தம் நான்கைந்து நிமிடம். போகப் போக 405 இடது பக்கமிருந்து நெருங்கி வந்து உங்கள் பாதைக்குக் கீழே வரும். ஹாதோர்ன் நிலையம் இடது பக்கம் நிற்கும். வெளியே வந்ததை வரைபடத்தில் உறுதி செய்துகொண்டு, 1200 போட்டு, டாரன்ஸ் டவரைக் கூப்பிடலாம்.

திரும்பி வரும்போதுதான் எல்லாரும் தடுமாறும் இடம். நானும் தடுமாறினேன், பயிற்றுநர் பக்கத்தில் இருந்த நாளில். தென்கிழக்கிலிருந்து 4,500 அடியில் வந்துகொண்டிருக்கிறேன். ரேடியல் 132 தானே என்று ஓ.பி.எஸ்.-ஐ 132-இலேயே விட்டிருந்தேன். மூக்கோ 312-ஐப் பார்க்கிறது. ஊசி வலப்பக்கம் ஒதுங்கியது. பயிற்சியில் சொன்னபடி ஊசியைத் துரத்தி வலப்புறம் திரும்பினேன். ஊசி இன்னும் ஒதுங்கியது. இன்னும் திரும்பினேன். என் வலது பக்கம் தள்ளி இருக்க வேண்டிய நெடுஞ்சாலை இறக்கைக்கு அடியில் வர ஆரம்பித்தது. பயிற்றுநர் ஒன்றும் சொல்லாமல் கண்ணாடி வழியாக டெர்மினல்களைக் காட்டினார். அவை இடது பக்கம் இருந்தன. வி.ஓ.ஆர். நிலையத்தை நோக்கி வரும்போது எதிர்த்திசை எண்ணைப் போட வேண்டும், 312, கொடி 'டு' என்று நிற்க வேண்டும். இல்லையென்றால் கருவி தலைகீழாகப் பேசும். சுரங்கம் அகலமில்லாதது. தலைகீழ் ஊசியை ஒரு நிமிடம் நம்பினாலே சுவருக்குப் போய்விடுவோம். அன்றிலிருந்து இரண்டு பழக்கம் வைத்திருக்கிறேன்: நுழையும் முன் எண்ணையும் கொடியையும் வாய்விட்டுச் சொல்வது, உள்ளே ஊசியைவிடக் கண்ணாடியை அதிகம் நம்புவது. டெர்மினல்கள் உங்களுக்கு நேர் கீழே வந்தால் நீங்கள் பாதையில் இருக்கிறீர்கள். ஜி.பி.எஸ். திரையில் கோடு தெரியும், நல்லதுதான், ஆனால் அதையே பார்த்துக்கொண்டிருந்தால் எதிரே வரும் விமானத்தை யார் பார்ப்பது?

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு வழி இருக்கிறது. மினி ரூட். அதுவும் எல்.ஏ.எக்ஸ். மேல்தான் போகிறது, 2,500 அடியில். சான்டா மோனிகா டவர், எல்.ஏ.எக்ஸ். டவர், ஹாதோர்ன் டவர் என்று மூவரும் உங்களைக் கைமாற்றி விடுவார்கள். இது சுரங்கமல்ல, பிராவோவுக்குள்ளேயே போகிற வழி. ஆகவே க்ளியரன்ஸ் வேண்டும். இன்னும் உயரத்தில் கொலிசியம் ரூட், ஹாலிவுட் பார்க் ரூட், கோஸ்டல் ரூட் என்றும் வழிகள் வரைபடத்தில் இருக்கின்றன, அவற்றுக்கு அப்ரோச் கன்ட்ரோலரிடம் கேட்க வேண்டும்.

க்ளியரன்ஸ் என்றால் என்ன என்பதில் புதியவர்கள் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பிராவோவைவிடச் சிறிய நிலையங்களைச் சுற்றியுள்ள சி, டி வகுப்பு வான்வெளியில் கன்ட்ரோலர் உங்கள் விமான எண்ணைச் சொல்லிப் பதில் கொடுத்தாலே நுழையலாம், "காத்திருங்கள்" என்று சொன்னாலும் சரி. பிராவோவில் அது செல்லாது. "ரேடார் கான்டாக்ட்", அதாவது ரேடாரில் உங்களைப் பார்க்கிறேன், என்று சொன்னாலும் செல்லாது. ரேடாரில் உங்களைத் தொடர்ந்து பார்த்து உதவும் ஃப்ளைட் ஃபாலோயிங் கொடுத்துக்கொண்டிருந்தாலும் செல்லாது. "க்ளியர்ட்", "பிராவோ" என்ற இரண்டு சொற்களும் உங்கள் எண்ணோடு சேர்ந்து காதில் விழ வேண்டும். விழவில்லையா, திருப்பிக் கேளுங்கள்: "உறுதி செய்யுங்கள், பிராவோவுக்குள் க்ளியர்டா?" கேட்பதில் வெட்கமே இல்லை. கன்ட்ரோலர்களுக்கும் அந்தக் கேள்வி பிடிக்கும்.

இந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சுற்றிப் போவதே பாதுகாப்பு என்ற நம்பிக்கையை உடைத்தது அந்த நாள்தான். 1986 ஆகஸ்ட் 31. டாரன்ஸிலிருந்து பைப்பர் ஆர்ச்சர் என்ற சின்ன விமானம் ஒன்று கிளம்பியது, மூன்று பேர், மலைப்பக்கம் பிக் பேர் போகிறார்கள். எல்.ஏ.எக்ஸ்.-க்குக் கிழக்கே, கட்டுப்பாட்டு வான்வெளியின் அடுக்குக்கு அடியில் போவதுதான் திட்டம். வழியில் அது அனுமதியில்லாமல் அடுக்குக்குள் ஏறிவிட்டது. அதன் டிரான்ஸ்பாண்டர் உயரத்தைச் சொல்லக் கூடியதல்ல. அதே நேரம் ஏரோமெக்ஸிகோவின் டி.சி.-9 ஒன்று எல்.ஏ.எக்ஸ்.-இல் இறங்க வந்துகொண்டிருந்தது. சுமார் 6,500 அடியில், செரிட்டோஸ் ஊருக்கு மேல், இரண்டும் மோதின. ஜெட்டில் 64 பேர், பைப்பரில் 3 பேர், கீழே வீடுகளில் 15 பேர், மொத்தம் 82 உயிர்.

பெரிய விமானங்களில் மோதல் எச்சரிக்கைக் கருவி கட்டாயமானதும், இதுபோன்ற நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைலுக்குள் உயரம் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கட்டாயமானதும் இதற்குப் பின்னால்தான். மறு ஆண்டு, 1987-இல், அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ., எல்.ஏ.எக்ஸ். மேலிருந்த பழைய காரிடாரையே மூடியது. அதில் அந்தக் காரிடாரின் குற்றம் எதுவும் இல்லை. செரிட்டோஸ் மோதல் அங்கே நடக்கவில்லை, விளிம்பில் நடந்தது, இறங்கும் பாதையின் குறுக்கே நடந்தது. விமானிகள் கடுமையாக எதிர்த்தார்கள். பிறகு இன்று நாம் பறக்கும் வடிவில், ஒரே ரேடியல், இரண்டே உயரம், 1201 என்ற கட்டுக்களோடு திரும்பத் திறந்தார்கள். மூடியே வைத்திருந்தால் அத்தனை சின்ன விமானங்களும் கிழக்கே அந்த இடுக்குக்குத்தான் போயிருக்கும். திறந்தது சரியான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எல்லா ஊரிலும் வழி இப்படி நடுவுக்கு மேல் அமையவில்லை. வாஷிங்டன் ரீகன் நிலையத்தை ஒட்டி பொட்டோமாக் ஆற்றின் மேல் ஹெலிகாப்டர்களுக்கென்று பார்வை வழிகள் இருந்தன. அதில் நான்காம் எண் வழி ஆற்றின் கிழக்குக் கரையோரம், 200 அடிக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்போடு. ஆனால் 33-ஆம் எண் ஓடுபாதையில் இறங்கும் விமானங்கள் அதே ஆற்றைக் குறுக்கே கடந்துதான் வருகின்றன. 2025 ஜனவரி 29 இரவு ஒரு ராணுவ ஹெலிகாப்டரும் இறங்கிக்கொண்டிருந்த பயணிகள் ஜெட்டும் அங்கே மோதி 67 பேர் இறந்தார்கள். பிறகு விசாரணை வாரியம் போட்ட கணக்கு: ஹெலிகாப்டர் 200 அடி வரம்பை அப்படியே காத்திருந்தாலும், கரையோரமாகவே போயிருந்தாலும், இறங்கும் விமானத்துக்கும் அதற்கும் நடுவே சுமார் 75 அடிதான் மிஞ்சியிருக்கும். எழுபத்தைந்து அடி! ஆல்டிமீட்டர் பிழையே அதைத் தின்றுவிடும். வரைபடத்தில் அது ஒரு கோடு, எல்.ஏ.எக்ஸ்.-இல் இருப்பதும் ஒரு கோடு. ஆனால் இங்கே உள்ள கோடு ஜெட்டுகள் தரையில் இருக்கும் இடத்தைக் கடக்கிறது, அங்கே இருந்தது ஜெட்டுகள் இறங்கிக்கொண்டிருக்கும் இடத்தைக் கடந்தது. எந்தப் புது ஊருக்குப் போனாலும் வரைபடத்தில் இப்படி ஒரு வழியைக் கண்டால், அது ஓடுபாதைக் கோட்டை எந்த இடத்தில், எந்த உயரத்தில் வெட்டுகிறது என்று முதலில் பாருங்கள்.

நியூயார்க்கின் ஹட்சன் ஆற்று வழி வேறு வகை. அங்கே ஜெட்டைப் பற்றிய கவலை குறைவு, ஒருவரையொருவர் பற்றிய கவலைதான் அதிகம். 2009 ஆகஸ்ட் 8 அன்று ஒரு பைப்பரும் சுற்றுலா ஹெலிகாப்டரும் மோதி ஒன்பது பேர் இறந்த பிறகு, போகும் திசைக்கு வலப்புறம் உள்ள கரையை ஒட்டிப் போவது, குறிப்பிட்ட இடங்களில் அறிவிப்பது, கடந்து போகிறவர்களுக்கு 1,000 முதல் 1,300 அடி, அங்கேயே சுற்றுகிறவர்களுக்கு அதற்குக் கீழே என்றெல்லாம் விதி வந்தது. கன்ட்ரோலர் இல்லாத வழியில் நமக்கு நாமே கன்ட்ரோலர் என்பதை எல்.ஏ.எக்ஸ்.-க்கும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

வானிலையில் ஒரு விஷயம். மே, ஜூன் மாதங்களில் காலையில் கடலோரம் தாழ்ந்த மேகப் போர்வை விரித்திருக்கும், உங்களுக்கே தெரியும். 3,500 அடியில் வெயில் பளிச்சென்று அடிக்கும், கீழே வெள்ளைப் பஞ்சு. விதிப்படி போகலாம் போலத் தோன்றும். நான் போக மாட்டேன். இந்த வழியின் பாதுகாப்பே கண்ணால் பார்ப்பதில் இருக்கிறது: டெர்மினல்கள் தெரிய வேண்டும், நெடுஞ்சாலை தெரிய வேண்டும். இன்ஜின் நின்றாலும் அதே கதை. 172 ஆயிரம் அடிக்கு ஒன்றரை மைல் சறுக்கும். தெளிந்த நாளில் 3,500 அடியில் இன்ஜின் நின்றால் கீழே நான்கு நீளமான ஓடுபாதைகள் இருக்கின்றன, சான்டா மோனிகாவும் ஹாதோர்னும் இரு பக்கமும் இருக்கின்றன. அவசரம் என்று ஒரு வார்த்தை சொன்னால் டவர் உங்களுக்காக எல்லாரையும் ஒதுக்கும். மேகத்துக்கு மேல் நின்றுபோனால் அந்த நான்கு ஓடுபாதைகளும் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இன்னொன்று, இங்கில்வுட்டில் சோஃபை அரங்கம் வந்த பிறகு அமெரிக்கக் கால்பந்து ஆட்ட நாட்களில் அதைச் சுற்றி மூன்று மைல், தரையிலிருந்து 3,000 அடி வரை தற்காலிகத் தடை இருக்கும். மினி ரூட் எண்ணத்தோடு இருந்தால் அன்றைக்கு ஆட்டம் உண்டா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

முதல்முறை தனியாகப் போகாதீர்கள். இந்த வழியை அடிக்கடி ஓட்டுகிற ஒருவரை வலது இருக்கையில் உட்கார வையுங்கள். ஒரு தெளிந்த வார நாள் காலை, பத்து மணி வாக்கில், வான் நைஸிலிருந்து டாரன்ஸ், அங்கே ஒரு காபி, பிறகு 312 போட்டுத் திரும்பி வாருங்கள். போகும்போது ரேடியோவையும் ஊசியையும் நீங்கள் பாருங்கள், எதிரே வருகிற விமானங்களை அவர் பார்க்கட்டும். வரும்போது மாற்றிக்கொள்ளுங்கள். தெற்கு ஓடுபாதைகளைத் தாண்டும்போது அரை நொடி கீழே எட்டிப் பாருங்கள், ஏதாவது ஒன்று இறங்கிக்கொண்டிருக்கும்.